பதிவேட்டில் இல்லாத ஏழு வயதுப் பிள்ளைகள்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்தபோது எனக்குக் கட்டம் நிரப்பும் வேலை கிடைத்தது. வீட்டில் அதைக் கவர்மெண்டு உத்தியோகம் என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அது தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டிப்பார்கள், நீட்டிக்காமலும் போகலாம். அப்போது எனக்கு இருபது வயது. ப்ரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறியிருந்தேன். பிரெஞ்சில் பிழையில்லாமல் கடிதம் எழுதுவேன். ஆனால் ஊரில் திடீரென்று எல்லோரும் இங்கிலீஷ் கேட்டார்கள். பத்து வருஷம் படித்த படிப்பை யாரோ பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது போலிருந்தது.

அந்தக் காலத்தில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதே எழுந்து ஜன்னலுக்குப் போவேன். கடற்கரைக்கு நடந்து போனால் கடலைப் பார்க்காமல் திரும்பி நடப்பேன். "கால்ல சக்கரம் கட்டி விட்டிருக்கு இவளுக்கு" என்று அம்மா சொல்வாள். அப்பாவுக்கு மில்லில் வேலை. ஷிப்டு முடிந்து காதில் பஞ்சோடு வந்து படுத்தால் எனக்கு வந்த ஜாதகங்களைப் பற்றி இருவரும் பேசுவது கேட்கும். நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

அப்படிப்பட்டவளை நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வைத்த வேலை அது. மேரியிலிருந்து, அதாவது நகராட்சி மன்றத்திலிருந்து, பழைய இறப்புப் பதிவேடுகளை எங்கள் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாம் பிரெஞ்சு. ஒவ்வொரு சாவுக்கும் அரைப் பக்கம்: யார் வந்து சொன்னார்கள், செத்தவர் யார், என்ன வயது, எந்த ஊர், எப்படிச் செத்தார். அந்த அரைப் பக்கத்தைப் படித்து, கட்டம் போட்ட ஒரு பெரிய தாளில் ஒற்றை வரியாக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து அல்லது ஓர் எண். ஊரின் எண்ணுக்கும் வருஷத்துக்கும் ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. சாவின் காரணத்துக்கு ஓர் இங்கிலீஷ் எழுத்து. வயதுக்கு இரண்டு கட்டம். நாற்பத்தைந்து வயதென்றால் நாலும் ஐந்தும். மூன்று வயதென்றால் சைபரும் மூன்றும். ஒரு வயது நிறையாத சிசுவாக இருந்தாலும் சைபரும் ஒன்றும் போடச் சொல்லியிருந்தார்கள்.

தாள்கள் கட்டுக் கட்டாகச் சென்னைக்குப் போகும். அங்கே ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளைகளாகப் போடுவார்கள், பிறகு மிஷின் அந்தத் துளைகளைப் படித்து ஊர்வாரியாகக் கூட்டித் தரும் என்றார் எங்கள் அதிகாரி. அவர் தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். பிரெஞ்சு தெரியாது. நல்ல மனிதர், ஆனால் எப்போதும் அவசரத்திலிருப்பார். எந்த ஊருக்கு மருத்துவச்சி, எந்த ஊருக்குக் கிணறு, எந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை என்பதையெல்லாம் அந்தக் கூட்டுத்தொகையை வைத்து எழுதப்போகிறோம் என்று முதல் நாளே சொன்னார்.

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். எதிர் மேசையில் கடலூர்க்காரர் ஒருவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவருக்கு உழவர்கரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும். பிரெஞ்சில் எண்களும் நோய்களின் பெயர்களும் மட்டும் பழகிக்கொண்டு சமாளித்தார். எனக்கு வடக்கே காலாப்பட்டிலிருந்து எல்லையில் இருக்கும் கனகசெட்டிக்குளம் வரை. "பிரெஞ்சு படிச்சவங்க கவிதை நல்லா எழுதுவாங்க, கணக்குதான் வராது" என்று அவர் அடிக்கடி சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குக் காதெல்லாம் சூடாகும்.

வடக்குக் கிராமங்களின் பதிவேட்டை எழுதுவது லேசாக இல்லை. 'எட்டு மாதம்', 'பதினோரு நாள்', 'பெயர் வைக்கப்படவில்லை' என்று வந்துகொண்டே இருக்கும். வந்து சொன்னவர் பெரும்பாலும் தகப்பன். தொழில் மீன்பிடிப்பு. கையெழுத்துப் போடத் தெரியாது என்ற குறிப்பு. நான் சைபர் ஒன்று, சைபர் ஒன்று என்று போட்டுவிட்டு எழுந்து தாழ்வாரத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவேன். "என்ன, வலம் முடிஞ்சிதா?" என்பார் கடலூர்க்காரர்.

தாள்கள் போய் மூன்று மாதம் கழித்துச் சென்னையிலிருந்து அட்டவணை வந்தது. நீளமான காகிதம், மிஷின் அடித்த எண்கள். அதிகாரி அதை மேசைமேல் விரித்து வைத்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். என் ஊர்களை விரலால் தேடினேன். கனகசெட்டிக்குளத்துக்கு நேரே ஒரு வயது என்ற இடம் காலியாகக் கிடந்தது. ஏழு வயது என்ற இடத்தில் பெரிய எண் இருந்தது. காலாப்பட்டிலும் அப்படித்தான்.

"சார், இது தப்பா இருக்கு. அங்கல்லாம் சின்னக் கொழந்தைங்கதான் செத்திருக்கு. ஏழு வயசுல யாரும் இல்ல" என்றேன்.

"நீங்க எழுதின ஆயிரக்கணக்கான வரியும் ஞாபகம் இருக்கா?"

"எல்லாம் இல்ல சார். ஆனா இது ஞாபகம் இருக்கு."

அவர் பொறுமையாக விளக்கினார். அட்டையில் துளை போடுவது ஒருவர். அதே தாளைப் பார்த்து இன்னொருவர் மறுபடி அடித்துச் சரிபார்ப்பார். இரண்டும் ஒத்துவராவிட்டால் மிஷின் நின்றுவிடும். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி தப்பு பண்ண மாட்டாங்கம்மா." அவர் குறிப்பு எழுத ஆரம்பித்திருந்தார். வடக்குக் கிராமங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் அதிகம் சாவதால் அங்கே பள்ளிக்கூடப் பரிசோதனை. மருத்துவச்சி உழவர்கரைப் பக்கத்துக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலாப்பட்டுக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து கனகசெட்டிக்குளத்துக்கு மணலில் நடந்தேன். என்ன கேட்கப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. கரையில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. ஒரு பெண் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். குடிக்கத் தண்ணீர் கேட்டு, பேச்சை வளர்த்து, கடைசியில் கேட்டேவிட்டேன்.

"இந்த ஊர்ல ஏழு வயசுப் புள்ளைங்க நிறைய செத்துப்போவுதாமே?"

அவள் நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு சொன்னா? ஏழு வயசுப் புள்ள ஏன் சாவுது? அதோ பாரு, அலையில குதிச்சிட்டுக் கெடக்குதுங்க. ஒண்ணும் ஆவாது அதுங்களுக்கு. போறதெல்லாம் பால்குடிதான். வயித்துல இருந்து எறங்கி ஒரு மாசம் தாண்டிட்டா புள்ள நம்முளுது."

"பிரசவத்துக்கு யாரு வருவாங்க?"

"யாரு வருவா? நாங்கதான் ஒருத்திக்கு ஒருத்தி. கஷ்டமாயிட்டா வண்டி கட்டிப் புதுச்சேரிக்குப் போவணும். போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடும்." கருவாட்டை இரண்டு கையாலும் அள்ளி மறுபக்கம் போட்டாள். "எனக்கு ரெண்டு போச்சு. ஒண்ணு ஆறு நாளு. ஒண்ணு அதுகூட இல்ல. எங்க வூட்டுக்காரரு போய் எழுதி வச்சிட்டு வந்தாரு. எதுக்குக் கேக்குற?"

அவள் புருஷன் எழுதி வைத்த அந்த இரண்டு வரிகளும் என் கையைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். எந்த இரண்டு என்று எனக்குத் தெரியாது. தண்ணீர்ச் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை.

சென்னை போய்த் தாள்களைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதிகாரியிடம் கேட்டேன். அவசியமில்லை என்றார். இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். என்னைத் தனியாக அனுப்ப அம்மா ஒப்பவில்லை. அப்பா மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுத் துணைக்கு வந்தார். திண்டிவனம் வழியாக பஸ். வழி நெடுக அவர் தூங்கினார். நான் சென்னையில் யாரிடம் என்ன சண்டை போடுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். சண்டை என்றே முடிவு கட்டியிருந்தேன். எவளோ கவனமில்லாமல் அடித்திருக்கிறாள், அவள் தோழி கண்ணை மூடிக்கொண்டு சரிபார்த்திருக்கிறாள்.

அந்த அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அறுபது தையல் மிஷின் ஒரே நேரத்தில் ஓடுவது போன்ற சத்தம். அப்பா சிரித்தார். "நம்ம மில்லாட்டம் இருக்கு" என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். எங்கள் தாள்களை அடித்த பெண்ணைக் கூட்டிவந்தார்கள். என் வயதுதான். கண்ணாடி, பின்னலில் வாடிய கதம்பம், விரல் நுனியெல்லாம் தேய்ந்திருந்தது. என் புகாரைக் கேட்டுக் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து கட்டை எடுத்து வந்து பிரித்தாள். என் தாள், என் நீல மை.

"இதோ பாருங்க. சைபர் ஏழு. சைபர் ஏழு. இதுவும் சைபர் ஏழு."

"அது ஏழு இல்ல, ஒண்ணு."

"இதா ஒண்ணு?"

"ஆமா. இதான் ஏழு." இன்னொரு வரியைக் காட்டினேன். என் ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு இருக்கும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் போடச் சொல்லிக் கையில் அடித்துப் பழக்கினார்கள். ஒன்றுக்குக் கீழிருந்து மேலே நீளமாக ஒரு கோடு ஏறி, உச்சியிலிருந்து நேராக இறங்கும்.

அவள் தாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள். "அய்யோ. கோடு போட்டதும் ஏழு, போடாததும் ஏழுன்னுல்ல நெனைச்சோம். அவசரத்துல சிலதுக்குக் கோடு போட மறந்துட்டாங்கன்னு பேசிக்கிட்டோம்." ஒரு துண்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினாள். "ஒண்ணு எழுதுங்க." எழுதினேன். பக்கத்தில் அவள் ஒன்று எழுதினாள். வெறும் நெட்டுக் கோடு. பிறகு ஏழு எழுதினாள். அது அச்சாக என் ஒன்று மாதிரியே இருந்தது.

பதினொன்று எழுபத்தேழாகியிருந்தது. பத்து எழுபதாகியிருந்தது. இரண்டு பேர் பார்த்து, இரண்டு பேரும் ஒழுங்காகப் பார்த்து, இரண்டு பேரும் ஒரே மாதிரி படித்திருக்கிறார்கள். சரிபார்த்ததற்கு அடையாளமாக அட்டையின் ஓரத்தில் மிஷின் வெட்டிய சின்னப் பிளவுகூட ஒவ்வொன்றிலும் இருந்தது. அட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சாவு, ஊர், வயது எல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

எத்தனையோ வருஷம் கழித்து நான் ஃபோர்ட்ரானில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். கோப்பிலிருந்து ஒரு வரியைப் படிக்கச் சொல்லும்போது, இத்தனையாவது கட்டத்திலிருந்து இத்தனை கட்டத்தை எண்ணாக எடுத்துக்கொள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் என்ன கிடக்கிறதோ அதைக் கம்ப்யூட்டர் அப்படியே எடுத்துக்கொள்ளும். நாங்கள் பழகிய காலத்தில் காலியிடத்தைக்கூடச் சைபர் என்று எடுத்துக்கொண்டது. ஒரு கட்டம் தள்ளி எழுதினால் நாலு வயது நாற்பது வயதாகிவிடும், அது முணுமுணுக்கக்கூடச் செய்யாது. கூட வேலை பார்த்தவர்கள் நிரலைத் திரும்பத் திரும்பச் சோதிப்பார்கள். நான் தரவுக் கோப்பை முதலில் காகிதத்தில் அச்சடித்து, பென்சிலோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்பேன். என்னைக் கேலி செய்வார்கள். இருந்தும் விட்டதில்லை.

அன்று சென்னையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் என் கவலையெல்லாம் வேறாக இருந்தது. ஊருக்குப் போய் என்ன சொல்வது? பஞ்ச் செய்தவர்கள், அதாவது அட்டையில் துளை போட்டவர்கள், தப்பாகப் படித்தார்கள் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. அந்தக் கதம்பக்காரிக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போகும், அவள் பெயருக்கு எதிரே ஒரு குறி விழும், என் பெயர் சுத்தமாக இருக்கும். என் கையெழுத்துத்தான் காரணம் என்று சொன்னால், பிரெஞ்சு படித்தவளுக்கு ஒன்றுகூட எழுதத் தெரியவில்லை என்று அலுவலகம் முழுக்கச் சிரிக்கும். நீட்டிப்புக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீயா போய் ஏன் சொல்ற? அவுங்க கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்ப வாய மூடிக்கிட்டு இரு. வேல நெரந்தரமாவட்டும், அப்பறமா சொல்லிக்கலாம்."

"அதுக்குள்ள மருத்துவச்சிய வேற ஊருக்குப் போட்டுருவாங்கப்பா."

"நமக்கு எதுக்கும்மா ஊர் வம்பு?" என்றார். கோபமில்லை, பயம்தான். மில்லில் வாயைத் திறந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் பார்த்திருந்தார்.

மறுநாள் அதிகாரி வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். நின்றேன் என்பது சரியில்லை, நடந்துகொண்டிருந்தேன். அவர் வந்து குடையை மாட்டுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

"தப்பு என்னுது சார். என் ஒண்ண அவங்க ஏழுன்னு படிச்சிட்டாங்க. வடக்குத் தாளு மொத்தமும் கெட்டுப்போச்சு."

அவர் ஒரு தாளை நகர்த்தி, எழுதிக் காட்டச் சொன்னார். பார்த்தார். "தாள் எழுதினப்ப இத நான் தினமும் பாத்திருக்கேனே" என்றார். அதற்குமேல் அவர் என்னைத் திட்டவில்லை. நடந்ததை எழுத்தில் கொடுக்கச் சொன்னார், இங்கிலீஷில். அந்த அரைப் பக்கத்தை எழுத எனக்குக் காலை முழுவதும் ஆயிற்று. பின்னால் அது என் கோப்பில் போய் உட்கார்ந்தது.

வடக்குத் தாள்களை மறுபடி எழுத வேண்டும். நான் பதிவேட்டைப் படிக்க, கடலூர்க்காரர் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. அவருடைய ஒன்று நெட்டுக் கோடு. முதல் நாள் காலை அவர் ஜாலியாகத்தான் உட்கார்ந்தார். "சொல்லுங்க டீச்சர்" என்றார். நான் பிரெஞ்சைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

"ஒண்ணு. ஒண்ணு. அறுபத்திரெண்டு. ஒண்ணு. ஒண்ணு. ரெண்டு. ஒண்ணு."

இரண்டாவது தாளின் நடுவில் அவர் பேனா நின்றது. "எல்லாமே கொழந்தைங்களா?"

"ஆமா."

"இதுல எவ்ளோ நாளுன்னு போட்டிருக்கு?"

"பத்து நாளு. மேல இருக்கிறது ஒரே நாளு."

அவருக்குக் கல்யாணமாகி, முதல் குழந்தை பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போனார். தாழ்வாரத்தில் அவர் செருப்புச் சத்தம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றார். டீச்சர் என்று சேர்க்கவில்லை. பதினொரு நாள் அப்படியே எழுதினோம். கவிதை, கணக்கு என்ற பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இந்தத் தடவை இரண்டே வாரத்தில் புது அட்டவணை வந்தது. அதில் கனகசெட்டிக்குளத்துக்கு நேரே ஏழு வயது என்ற இடம் வெறுமையாக இருந்தது. அதிகாரி தன் பழைய குறிப்பைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். வடக்குக்கு ஒரு மருத்துவச்சி, காலாப்பட்டில் தங்க ஓர் அறை. மேலிடத்துக்கு அனுப்பினார். எனக்கு நீட்டிப்பு வரவில்லை. அவர் சிபாரிசு செய்தாரா இல்லையா என்று தெரியாது, நான் கேட்கவுமில்லை. அப்பா ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா ஜாதகங்களை மறுபடி எடுத்து வைத்தாள்.

சென்னைப் பெண்ணிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பஞ்ச் செய்ய ஆள் எடுக்கிறார்கள், பரீட்சை உண்டு, விருப்பமிருந்தால் வரவும் என்று நாலே வரி. போனேன். வேகத்தில் தேறவில்லை. இரண்டாவது முறை தேறினேன். அப்பா இந்த முறை துணைக்கு வரவில்லை. பஸ் நிலையம் வரை டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிவந்து, மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். "கடுதாசி போடு" என்றார்.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஊருக்கு வந்திருந்தபோது காலாப்பட்டுக்குப் போனேன். மருத்துவச்சி வந்துவிட்டதாகக் கடலூர்க்காரர் சொல்லியிருந்தார். சாலையை ஒட்டி ஓட்டுக் கட்டடம், பச்சைக் கதவு, கதவில் பூட்டு. பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"நர்சம்மாவா? காலையில வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. பிரசவம். எப்ப வருவாங்கன்னு சொல்ல முடியாது. எதனா அவசரமா?"

"இல்ல" என்றேன். கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன், எழுந்து சாலை ஓரமாக நடந்து பார்த்தேன். ஒரு மணி நேரம் போயிற்று. அவள் வரவில்லை. புதுச்சேரி பஸ் வந்து நின்றது. நான் ஏறிக்கொண்டேன்.